மண்டோருக்கு அரைப் பேரு

மாட்சிமை தங்கிய மண்டோர் மச்சானுக்கு,

இன்று காலை தரை துடைக்க வாளியில் தண்ணீர் பிடித்து மூன்று சொட்டு புல்தைலம் விட்டேன். அவ்வளவுதான் செய்தேன். மச்சான், எட்டு மாதமாக இல்லாத நீர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டீர். "மூணுன்னா மூணு சொட்டு. என்னலா, கோயில் குளத்துக்கா ஊத்துற?" செத்த பிறகும் ஒரு மனிதர் இப்படியா மேற்பார்வை பார்ப்பது? அதை உம் வாசனை என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதீர். நாற்றம். நான்கு வருடம் என் மூக்கை ஆண்ட நாற்றம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தவரை உம்மை 'நீங்க' என்றுதான் அழைத்தேன். பெண்டாட்டியின் அண்ணன், நான்கு வயது மூத்தவர் என்று மரியாதை. இப்போது நீர் சாம்பல். சாம்பலுக்கு என்ன 'நீங்க'? 'நீ' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். சுவரிலிருந்த உம் தங்கச்சி படத்துக்குள்ளிருந்தே முறைத்தாள். ஆகவே நடுவாக, 'நீர்'.

ஈரத்துணியால் கூடத்தைத் துடைத்தால் அந்த வெள்ளைக் கோடு பளிச்சென்று எழும்புகிறது. வாசல்படியில் தொடங்கி, கூடத்தைப் பிளந்து, பின்கதவு வரை நீர் இழுத்த பெயிண்டுக் கோடு. நம் ஈப்போவின் புந்தோங்கில் எத்தனையோ வீடுகள் உண்டு. நடுவீட்டில் நாட்டெல்லை போட்ட வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தேவி கிள்ளானிலிருந்து தின்னர் டப்பாவோடு வந்தாள், இந்தக் கோட்டை அழிக்க. அப்படியே வீட்டைப் பூட்டி, என்னை அவளுடைய பன்னிரண்டாம் மாடிக்குக் கொண்டுபோக. என் கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்பது வரை அவள் முடிவு செய்திருந்தாள். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறும். உமக்கு இப்போது வேறென்ன வேலை?

நீர் வந்த நாள் நினைவிருக்கிறதா? உம் தங்கச்சியின் முதல் திதிக்கு வந்தீர். பாகான் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். கையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே நுழைந்ததும் நீர் பார்த்தது என் ஒரு வருடத்து ராஜ்யம். அவள் போனபிறகு நான் துடைப்பத்தைத் தொடவில்லை. துடைப்பமும் என்னைத் தொடவில்லை. சிங்க்கில் கிடந்த தட்டுகளைத் தோண்டினால் மூன்று நாகரிகங்கள் கிடைத்திருக்கும். எறும்புகள் தேர்தல் நடத்தி எதிர்க்கட்சியும் அமைத்திருந்தன. மூன்று வேளையும் கடை ரொட்டி, கெட்டிப்பால் போட்ட தே என்கிற டீ, மற்ற நேரம் சாய்வு நாற்காலி. கால்கள் இரண்டும் வீங்கி, செருப்பு போட ஒரு மந்திரிசபைக் கூட்டம் தேவைப்பட்டது.

மூக்கைச் சுளித்தீர்.

"மாப்ள, இது வீடா, இல்ல செம்பனை ஆலைக் கழிவுக் குட்டையா?"

"ஒரு வாரந்தானே. மூக்கப் புடிச்சிக்கிட்டு இருங்க மச்சான்."

"ஒரு வாரந்தான்," என்றீர்.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது நீர் கையில் பெயிண்டு பிரஷ்ஷோடு கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தீர்.

"என்ன பண்றீங்க?"

"நெறை பிரிக்கிறேன்."

தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு நெறை என்று பெயர். என் வீட்டை இரண்டு நெறையாக வெட்டிவிட்டீர். கோட்டுக்கு இடப்புறம் உம் நெறை: சாமி மேடை, சின்ன அறை, சமையலறை. வலப்புறம் என் நெறை: டிவி, என் படுக்கையறை, குளியலறை. அவரவர் நெறையை அவரவர் கூட்டித் துடைக்க வேண்டும். ஆள் இருக்கும் நெறையில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. நான் சோறு தின்ன உம்மிடம் அனுமதி வாங்க வேண்டும். நீர் மூத்திரம் பெய்ய என்னிடம் அனுமதி வாங்க வேண்டும். "வரலாமா?" "வாங்க." "வரலாமா?" "வா." நான்கு வருடம் இந்த வீட்டில் இதுதான் வேதபாராயணம். நீர் அவசரமாக ஓடி வரும்போதெல்லாம் பதில் சொல்லாமல் நான் நிதானமாகத் தொண்டையைச் செருமியதை இங்கே மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு மேல் பெரட்டு. விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவீர்களே, அது. காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றுகொண்டு, தூரத்து மலைக்குக் கேட்கிற குரலில், "ரெங்கசாமி!"

"நான் ஒரே ஆளு. எதுக்கு மச்சான் பேரு கூப்புடணும்?"

"ஒரே ஆளா இருந்தாலும் பெரட்டு பெரட்டுதான். பதில் சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"இருந்தா இருக்கேன்னு சொல்லு. இல்லாட்டி சும்மா இரு."

பக்கத்து வீட்டு அன்னம்மா இடியாப்பம் அவிக்கிறவள். உம் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். "அண்ணே, எங்க வீட்டுக் கடிகாரம்கூட ஒங்க மச்சானக் கேட்டுத்தான் ஓடுது," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கென்ன, பேர் அவளுடையதா?

நான் யார் என்பதையாவது நீர் யோசித்தீரா? முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவன். ஈப்போவுக்கும் பாகான் செராய்க்கும் நான் போய் வந்த தூரத்தை நேராக நீட்டினால், நிலாவில் இறங்கி ஒரு தே குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அத்தனை தூரத்தையும் உட்கார்ந்தபடியே கடந்தவன். குனிவது என் குலத்தொழில் அல்ல. நீர் என்னைக் குனிய வைத்தீர்.

"குந்து. தொட. நகரு. குந்து. தொட. நகரு." முதல் நாள் குந்தியபோது என் முழங்கால் எழுப்பிய சத்தம் அடுத்த ஊர் சிலிபின் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். துணி உலர்த்த வாளியை நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன்; கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கூவினீர். "வாளியக் கீழ எறக்கு. ஒரு துணிக்கு ஒரு தடவ குனி." தட்டுக் கழுவ உம் நெறைக்கு வந்தால், "குதிகாலத் தூக்கு. மேல்வெட்டு மரத்துக்கு நிக்கிற மாதிரி நில்லு." சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நான் நாட்டியமாட வேண்டும். டிவியில் கதாநாயகி அழும்வரை உட்காரலாம். விளம்பரம் வந்தால் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். அந்தத் தொடர்களில் யாரையாவது நான் மனதார வெறுத்தேன் என்றால் அது வில்லியை அல்ல, சோப்பு விளம்பரத்தை. குளியலறைக்குப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது. "வயசானவனுக்கு என்னலா வெக்கம்? விழுந்தா கதவ ஒடைக்கவா?"

கெட்டிப்பால் டின்னை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்தேன். எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தீர். எறும்புகள் எல்லாம் உம் கட்சிக்குத் தாவிவிட்டன.

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். மன்னிக்க முடியாதது அந்த அறிவிப்பு. தோட்டத்தில் நாள் வேலையை முடித்தவனுக்கு ஒரு பேரு. பாதியில் விட்டவனுக்கு அரைப் பேரு. மாலையில் வாசலில் நின்று, தெருவே கேட்க, தீர்ப்பு வாசிப்பீர். "ரெங்கசாமி, அரப் பேரு! கட்டிலுக்குக் கீழ கூட்டல!" என் கட்டிலுக்குக் கீழே இருக்கும் தூசி ஊர்ச்சொத்தாகிவிட்டது. காய்கறி வேன்காரன் என்னை "அரப் பேரு அண்ணே" என்று அழைத்தபோது நான் நாட்டைவிட்டே வெளியேறுவது பற்றிச் சிந்தித்தேன். நான் பதிலுக்குச் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர். என் குப்பையைக் கோட்டுக்கு மேல் தள்ளிவிடுவேன். நீர் திருப்பித் தள்ளுவீர். ஒரே ஒரு வேப்பிலை மூன்று நாள் அந்த எல்லையில் அகதியாக அலைந்தது, நினைவிருக்கிறதா?

இவ்வளவுக்கும் கால் வீக்கம் வடிந்தது. கிளினிக்கில் தாதியாக இருக்கும் மலாய்க்காரப் பிள்ளை சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, "பா, என்ன செய்றீங்க?" என்று தமிழில் கேட்டாள். "சிறையில இருக்கேன்மா," என்றேன். இதை நான் உமக்கு நன்றியாக எழுதவில்லை. சாட்சியாக எழுதுகிறேன்.

மூன்றாம் வருடம்தான் பெரும் போர் மூண்டது. தேவி நீளக் கைப்பிடி வைத்த மாப் ஒன்று வாங்கி வந்தாள், அப்பா குனியாமல் துடைக்கட்டும் என்று. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் கைப்பிடி முழங்கால் உயரத்துக்கு அறுக்கப்பட்டிருந்தது. மீதித் துண்டை உம் தக்காளிச் செடிக்கு ஊன்றியிருந்தீர்.

"யாரக் கேட்டு அறுத்தீங்க?"

"நீட்டுக் கம்பு முதுக வளைக்கும். குட்டக் கம்பு முட்டிய வளைக்கும். எது வேணும் ஒனக்கு?"

"என் மாப்பு வேணும்!"

அன்றிலிருந்து பெரட்டுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினேன். மலாயாவின் தொழிற்சங்க வரலாறு காணாத வேலை நிறுத்தம். "ரெங்கசாமி!" என்பீர். நான் போர்வைக்குள் இமயம்போல் கிடப்பேன். "பேரு இல்ல," என்று சொல்லிவிட்டு உம் நெறையைக் கூட்டப் போய்விடுவீர். ஐந்து நாள் இப்படிப் போனது.

ஆறாம் நாள் பெரட்டுக்குச் சற்று முன் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

இதைச் சிரிக்காமல் கேளும். மல்லாக்க விழவில்லை, பக்கவாட்டில் சரிந்தேன். இடுப்பு முதலில், தோள் பிறகு. தலை தப்பியது. எலும்பு எதுவும் முறியவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. எல்லாமே முறிந்ததாகத்தான் நினைத்தேன். சோப்புத் தண்ணீரில் கன்னம் பதியக் கிடந்தேன். வாசலில் உம் குரல். "ரெங்கசாமி!"

எனக்குக் குரல் இருந்தது. வாயும் நன்றாகவே இருந்தது. 'இருக்கேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஐந்து நாள் கட்டிக்காத்த போராட்டத்தை ஒரு சோப்புத் துண்டுக்காக விட்டுக்கொடுப்பதா? ஈரச் சிமெண்டில் கிடந்துகொண்டு ஒரு கிழவன் வீம்பு பிடித்தான் என்பதை உம்மைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.

"ரெங்கசாமி!" இரண்டாம் முறை. நீர் இரண்டாம் முறை யாரையும் கூப்பிட்டதே இல்லை. பிறகு, "பேரு இல்ல." ஈர்க்குமாறு சரக் சரக் என்று வாசலிலிருந்து தொடங்கியது. அது கூடத்துக்கு வந்தது. பின்பக்கம் வந்தது. நின்றது.

தாழ்ப்பாள் போடாத கதவு பாதி திறந்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் உம் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"மாப்ள."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ரெங்கசாமி. ஒன் நெறைக்கு நான் வரலாமா?"

"வராதீங்க!"

வாயிலிருந்து அதுதான் வந்தது. கடவுளே வந்து கேட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அந்தச் சொல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்திருப்பான். நீர் நின்றீர். ஒருவன் விழுந்து கிடக்கும்போது எல்லைக்கோட்டில் நின்று ஒழுங்கு பேசிய மகாபாவி நீர்.

"தலையில அடிபட்டுச்சா?"

"இல்ல."

"கால அசைச்சிக் காட்டு. ரெண்டையும். ம். ரத்தம் வருதா?"

"வந்தா ஒங்களுக்கு என்ன?"

"வரல. சரி, எந்திரி."

"எப்படி எந்திரிக்கிறது? தூக்குங்க!"

"வராதன்னு சொன்னது நீ. எனக்கு இருக்கிற இடுப்புக்கு ஒன்னத் தூக்குனா ரெண்டு பேரும் விழுவோம். அப்பறம் அன்னம்மாதான் வந்து கூட்டி அள்ளணும். அவசரப்படாத. மூச்ச வாங்கு. பக்கமாத் திரும்பு. கையூனு. மொழங்கையில்ல, உள்ளங்கை. இப்ப மண்டி போடு. நாலு காலு மாதிரி. வாளியப் புடிக்காத, அது உருளும்! தொட்டி வெளிம்பப் புடி. ஒரு கால முன்னால குத்த வை. தர தொடைக்கையில நகருவியே, அதே மாதிரி. குந்து. இப்ப எந்திரி."

எழுந்தேன். இரண்டு வருடம் சபித்துக்கொண்டே குந்திய அதே முழங்கால்கள் என்னைத் தூக்கி நிறுத்தின. தொட்டியைப் பிடித்துக்கொண்டு உம் பக்கம் திரும்பினேன், நாக்கில் இருந்த அத்தனை வசவையும் திரட்டிக்கொண்டு. அப்போதுதான் பார்த்தேன். உம் வலது காலின் பெருவிரல் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, என் நெறைக்குள் ஒரு அங்குலம் வந்திருந்தது. நான் பார்த்ததை நீரும் பார்த்தீர். மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டீர்.

கிளினிக்கில் எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அன்று மாலை, தானாக எழுந்த வீரனுக்கு ஒரு முழுப் பேராவது கிடைக்கும் என்று சாய்வு நாற்காலியில் காத்திருந்தேன். வாசலில் நீர் முழங்கினீர். "ரெங்கசாமி, அரப் பேரு! பாத்ரூமு தரைய அலசி வுடல. அலசியிருந்தா விழுந்திருக்க மாட்டான்!"

மறுநாள் ஆறு மணிக்கு, "இருக்கேன்!" என்று கத்தினேன். வெறுப்பில்தான் கத்தினேன்.

இனி உம் கணக்குக்கு வருகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன், ஒரு சாதாரணப் புதன்கிழமை. பெரட்டு எடுத்தீர். பதில் சொன்னேன். நான் என் அறையைக் கூட்டத் தொடங்கினேன். சமையலறையில் உம் ஈர்க்குமாறு ஓடுவது கேட்டது. பிறகு நின்றது. என் கெட்டிப்பால் டின்னைக் கண்டுபிடித்துவிட்டீர் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் அரிசி டின்னுக்குள் புதைத்திருந்தேன். தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். தீர்ப்பு வரவில்லை. கோட்டின் ஓரம் வந்து நின்றேன்.

"மச்சான், வரலாமா?"

பதில் இல்லை.

"தே கலக்கணும். வரலாமா?"

ஓகோ, என்று நினைத்தேன். என் வேலை நிறுத்தத்துக்கு இத்தனை நாள் கழித்துப் பழி வாங்குகிறீர். நானும் கோட்டில் நின்றேன். என் வீட்டில், என் சமையலறைக்கு நான்கடி தள்ளி, உம்மோடு யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று போட்டி போட்டுக்கொண்டு நின்றேன். அன்னம்மா வீட்டில் இடியாப்பத் தட்டை இறக்கும் சத்தம் கேட்டது. இருபது நிமிடம் நின்றிருப்பேன். பிறகுதான் கேட்காமல் கோட்டைத் தாண்டினேன். நான்கு வருடத்தில் அதுதான் முதல் முறை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர். ஈர்க்குமாறு மடியில் இருந்தது. சமையலறையில் பாதிதான் கூட்டியிருந்தீர். கூட்டிய குப்பை ஒரு சின்னக் குவியலாக உம் காலடியில் இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர், நெஞ்சு ஒரே அடியாக நின்றிருக்கிறது, முன்னால் போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். தேவியும் அதையே சொல்லி என் முதுகைத் தடவினாள். அவர்களுக்கு அந்த இருபது நிமிடம் தெரியாது. தகனச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு அன்னம்மா இன்னொன்றைச் சொன்னாள். "ஒரு மாசமா நெஞ்சுல வாயுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு அண்ணே. ஓமத்தண்ணி கொடுத்தேன். ஒங்ககிட்ட சொல்ல வேணான்னாரு."

சொல்ல வேண்டாமா? மாதம் தவறாமல் என்னைக் கழுத்தைப் பிடித்துக் கிளினிக்குக்குத் தள்ளிய நீர், உம் நெஞ்சுவலிக்கு ஓமத்தண்ணீரா குடித்தீர்? என் கட்டிலுக்கடியில் இருந்த தூசியைத் தெருவுக்குச் சொன்னவர், உம் நெஞ்சுக்குள் இருந்ததை எனக்குச் சொல்லக்கூடாதா? இந்த ஒரு காரியத்துக்காக உம் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை வாளியில் பிடித்தால் கிந்தா ஆறு கரைபுரளும்.

பிறகு ஒரு நாள் தட்டுக் கழுவும்போது, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கையில், எனக்கு உறைத்தது. என் பேரை நீர் தினமும் கூப்பிட்டீர். உம் பேரை யார் கூப்பிட்டது? நான்கு வருடத்தில் ஒரு காலையிலாவது, "மச்சான், நீங்க இருக்கீங்களா?" என்று நான் கேட்டேனா? ஒரு வாரத்துக்கு என்று வந்தவர் ஏன் திரும்பிப் போகவில்லை என்றுகூடக் கேட்டதில்லை. தோட்டத்து லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள், உமக்குப் போக இடமே இல்லை என்பதை உம் தகரப் பெட்டியில் இருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தேதி, உம் தங்கச்சி திதிக்கு முந்தின வாரம்.

அந்த வழக்குக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை.

தேவி வாசல்படியில் உட்கார்ந்து தின்னர் துணியால் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு சாண் நீளம் போய்விட்டது.

"ப்பா, மாமா இருந்த வரைக்கும் சரி. இப்ப தனியா. விழுந்தா யாரு பாப்பா?"

"நான் பாத்துக்குவேன்."

"நீங்க விழுந்தா நீங்களே எப்படிலா பாப்பீங்க? பேசாம கெளம்புங்க. அங்க லிஃப்டு இருக்கு, வேலைக்காரம்மா இருக்கு, நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம்."

ஒரு வேலையும் செய்ய வேண்டாம்! உம்மைக் கொல்வதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஏற்கனவே செத்துவிட்டதால் பிழைத்தீர். பன்னிரண்டாம் மாடியில் ஒரு நாற்காலி. அதில் நான். மறுபடி வீங்கும் கால்கள். நான் கூட்ட ஒரு சதுர அடி கிடைக்காது, குனிய ஒரு வாளி இருக்காது.

"அந்தத் துணியக் கீழ வை," என்றேன். "கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லு. நான் என்ன பண்ணினாலும் வரக் கூடாது."

நடுக்கூடத்தில் போய்ப் படுத்தேன். பக்கவாட்டில், கன்னம் தரையில் படும்படி.

"ப்பா! என்ன பண்றீங்க? பைத்தியமா?"

"வராத! இது என் நெறை."

மூச்சு வாங்கினேன். திரும்பினேன். உள்ளங்கையை ஊன்றினேன். மண்டி போடும்போது இடது முழங்கால் அம்மா என்றது. ஒரு கணம் மேலே போகவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. உண்மையாகவே பயம் வந்தது, மச்சான். தேவி இரண்டு காலோடும் கோட்டைத் தாண்டிவிட்டாள். தாண்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள். உம் மருமகள் அல்லவா. நாற்காலி விளிம்பைப் பிடித்தேன். ஒரு காலை முன்னால் வைத்தேன். குந்தினேன். எழுந்தேன். எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது, சீனப்பெருநாள் ஒன்று வந்து போயிருக்கலாம்.

"இருக்கேன்," என்றேன்.

அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். பிறகு தின்னர் டப்பாவை மூடினாள். ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் காலை ஆறு மணிக்குப் போன் அடிப்பாள். மூன்று முறை அடித்து எடுக்காவிட்டால் அன்னம்மா கதவைத் திறந்துகொண்டு வருவாள். சாவி அவளிடம் ஒன்று. என்றைக்குப் பதில் வரவில்லையோ, அன்றைக்குக் கிள்ளான். ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் போன் அடித்தது. 'ப்பா' என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். "ரெங்கசாமி!" என்றாள். அப்பன் பேரைச் சொல்லி! உம் குரலை அவள் தொண்டையில் எப்போது வைத்துவிட்டுப் போனீர்?

"இருக்கேன்," என்றேன். ஐந்து நாளாகச் சொல்லி வருகிறேன்.

இப்போது இரண்டு நெறையும் என் தலையில். குட்டைக் கம்பு மாப்தான், வேறு வழி? குந்து, துடை, நகரு. கெட்டிப்பால் டின்னை மேசை மேலேயே வைத்திருக்கிறேன், ஒளிக்க ஆளில்லாததால் ருசியில்லை. போன மாதத்திலிருந்து திறக்கவே இல்லை. போனை வைத்ததும் வாசலுக்குப் போகிறேன். உம் பேரைக் கூப்பிடுகிறேன், முழுப் பேரையும், தெருவுக்கே கேட்கும்படி. அன்னம்மா அடுப்பைப் பற்றவைக்கிறாள். நான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே வருகிறேன்.

வீடு முழுக்கத் துடைக்கிறேன். ஓரிடம் மட்டும் விடுகிறேன். சமையலறைச் சுவரோரம், உம் காலடியில் அந்தக் குவியல் இருந்த ஒரு முழத் தரை. நேற்று தேவிக்குப் போனில் காட்டியபோது அவள்கூடச் சத்தம் போட்டாள். "அங்க மட்டும் ஏன்பா அழுக்கா கெடக்கு?" கிடக்கட்டும். அது என் நெறை இல்லை. மாலையில் வாசலில் நின்று அறிவித்துவிட்டேன், காய்கறி வேன்காரனும் கேட்டான்: மண்டோருக்கு இன்றைக்கும் அரைப் பேருதான்.

முழுப் பேரு வேணும்னா, வந்து மீதியக் கூட்டிட்டுப் போங்க மச்சான்.